இறக்கை நுனிக்கு ஒளியிழை: மாதிரி விமானங்களில் வீட்டில் செய்யும் சுட்டு விளக்குகள்

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானத்துக்கு விளக்கு எதற்கு என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் இந்த விளக்குகளில் ஒளியிழையின் பயனைப் பற்றி முரண்பட்ட கருத்துகள் எழுகின்றன. தரையில் நின்று இயக்குபவருக்கு விமானம் தம்மை நோக்கி வருகிறதா, தம்மைவிட்டு விலகுகிறதா என்று காட்டுவது ஒன்று. அசல் விமானத்தின் தோற்றத்தை, அதன் விளக்குகள் உட்பட, ஐந்திலொன்றாகவோ பத்திலொன்றாகவோ சுருக்கிக் காட்டுவது இன்னொன்று. உடற்பகுதிக்குள் மூடிக்கிடக்கும் ரிசீவர், மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி ஆகியவற்றின் நிலையை வெளியே தெரிவிப்பது மூன்றாவது. வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒளியிழை விளக்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் பயனைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அது நன்றாகப் பொருந்துவது பின்னிரண்டுக்கே.

விளக்குகளின் நிறமும் இடமும் விமானத்துறை வகுத்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவிக் கப்பல்களிலிருந்து வந்த மரபு அது. இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. நேர்முன்னிலிருந்து பக்கவாட்டில் 110 டிகிரி வரை ஒவ்வொரு இறக்கை விளக்கும், பின்புறம் எஞ்சிய 140 டிகிரிக்கு வால் விளக்கும் தெரிய வேண்டும் என்பதால் மூன்றும் சேர்ந்து ஒரு முழு வட்டத்தை நிறைக்கின்றன. சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் விமானம் பார்ப்பவரை நோக்கி வருகிறது என்றும், வெள்ளை மட்டும் தெரிந்தால் விலகிச் செல்கிறது என்றும் பொருள். இவற்றோடு மோதலைத் தவிர்ப்பதற்கான மின்னும் விளக்கும் உண்டு. அமெரிக்க விதிப்படி அது நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை மின்ன வேண்டும். எல்லா அசல் விமானங்களும் இவற்றைச் சுமந்து பறந்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதிரி செய்வோருக்கு மிகவும் பிடித்தமான பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் பொதுவாக மின்சார அமைப்பே கிடையாது. அதன் இறக்கை நுனியில் சிவப்பும் பச்சையும் ஒளிரச் செய்பவர் அழகைக் கூட்டலாம், வரலாற்றுத் துல்லியத்தைக் கூட்டுவதில்லை.

ஒளியை வளைத்துக் கொண்டுசெல்ல முடியும் என்பதை ஜெனீவாவில் டேனியல் கொலாடோன் 1841இல் நீர்த்தாரையைக் கொண்டு காட்டினார். 1854இல் லண்டனில் ஜான் டிண்டல் அதே வகைச் சோதனையைப் பலரறியச் செய்தார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்சும் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் இழைக் கட்டின் வழியே உருவத்தையே கடத்திக் காட்டியது 1954இல் வெளியானது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை முழு அக எதிரொளிப்பு, அதாவது அடர்ந்த ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்த ஊடகத்தின் எல்லையைச் சாய்வாகத் தொடும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புதல். மாதிரி விமானத்துக்குப் பயன்படும் பிளாஸ்டிக் இழையில் உள்ளகம் அக்ரிலிக்கால் ஆனது; அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.49. அதைச் சுற்றி ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய உறை இருக்கிறது. அதன் எண் சுமார் 1.40. இந்த இரண்டு எண்களிலிருந்தே இழையின் ஏற்புக் கோணம் கிடைத்துவிடுகிறது: இழையின் அச்சிலிருந்து சுமார் 30 டிகிரிக்குள் வரும் கதிர்களை மட்டுமே இழை தன்னுள் நிறுத்திக்கொள்ளும், மறுமுனையில் வெளிவரும் ஒளியும் அதே 60 டிகிரி அகலக் கூம்பாகத்தான் வரும்.

இணைய இணைப்புக்கு வீட்டு வாசல்வரை வரும் கண்ணாடி இழையின் மிச்சத்துண்டு கையில் கிடைக்கும்போது அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றுவது இயல்பு. அது வேலைக்கு உதவாது. அவ்வகை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 1 மி.மீ. பிளாஸ்டிக் இழையின் முகப்பு அதைவிட ஏறத்தாழ 12,000 மடங்கு பெரியது. லேசர் ஒளியைக் குவித்துச் செலுத்துவதற்காக உருவான இழைக்குள் சாதாரண எல்.இ.டி. ஒளியைப் புகுத்த முயல்வது வீண். தவிர, உடைந்த கண்ணாடி இழையின் துணுக்கு தோலுக்குள் ஏறினால் எடுப்பது கடினம். அலங்கார ஒளியிழை விளக்குகளில் பூங்கொத்துப் போல் விரியும் மெல்லிய பிளாஸ்டிக் இழைகளோ, மீட்டர் கணக்கில் விற்கப்படும் 0.5 முதல் 3 மி.மீ. வரையிலான தனி இழைகளோதான் இதற்கேற்ற மூலப்பொருள்.

இழை நீளமாக இருந்தால் வெளிச்சம் குறையும் என்ற அச்சம் பரவலாக உண்டு. தொலைத்தொடர்புக்கு அது சரி. மாதிரி விமானத்துக்குப் பொருந்தாது. அக்ரிலிக் இழை பச்சை நிறத்தில் மீட்டருக்கு ஓரிரு விழுக்காடும், 650 நானோமீட்டர் அளவிலான அடர்சிவப்பில் நான்கைந்து விழுக்காடும் இழக்கிறது. சாதாரணச் சிவப்பு எல்.இ.டி.யின் 620 முதல் 630 நானோமீட்டர் அலைநீளம், அக்ரிலிக்கில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒளியை உறிஞ்சும் ஒரு பட்டையின் மேல் விழுவதால், அங்கு இழப்பு மீட்டருக்குப் பத்திலொரு பங்கை ஒட்டி வரும். இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட விமானத்தில்கூட நடுவிலிருந்து நுனிவரை ஒரு மீட்டர்தான். ஆகவே வழியில் இழப்பது சொற்பம். இழையின் இரு முனைகளில்தான் பெரும்பகுதி போகிறது, அங்குதான் செய்பவரின் கைத்திறனும் தெரிகிறது.

நுழைவு முனையை முதலில் எடுத்துக்கொள்வோம். 5 மி.மீ. எல்.இ.டி.யின் குவிந்த முகத்தின் மேல் 1 மி.மீ. இழையைக் கொண்டுபோய் வைத்தால், ஒளி அம்முகம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டாலும், பரப்பளவு விகிதப்படி இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 4 விழுக்காடு மட்டுமே இழையின் முகப்பில் விழும். எஞ்சியது இழைக்குப் பக்கத்தில் வீணாகச் சிதறும். இதைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. எல்.இ.டி.யின் குவிந்த தலையை அரத்தால் தட்டையாக்கி, நீர் உப்புத்தாளால் மெருகேற்றி, உள்ளிருக்கும் ஒளிச்சில்லுக்கு இழையை நெருக்கமாகக் கொண்டுவருவது ஒரு வழி. தலையின் நடுவில் இழையின் தடிமனுக்குச் சிறு துளையிட்டு, ஒரு துளி தெளிந்த எபாக்சியுடன் இழையை அதற்குள் இறக்குவது மற்றொன்று. இரண்டிலும் ஒரே ஆபத்துதான்: சில்லின் உச்சியிலிருந்து வளைந்து செல்லும் மயிரிழை போன்ற இணைப்புக் கம்பியைத் தொட்டுவிட்டால் எல்.இ.டி. அத்தோடு முடிந்தது. தட்டையான முகம் கொண்ட, பலகையில் ஒட்டும் சிறு எல்.இ.டி.களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றின் ஒளி எல்லாப் பக்கமும் விரிவதால், முகம் இழையைவிடச் சிறிதாகவே இருந்தாலும், இழை ஏற்கும் கூம்புக்குள் வருவது மொத்த ஒளியில் கால் பங்குக்கு மேல் இருக்காது. நான்குக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட இந்த எல்லைக்குள், வீட்டு மேசையில் செய்யும் இணைப்பு ஐந்து விழுக்காட்டைத் தாண்டினாலே குறை சொல்ல முடியாது.

இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் சிதறலில் பெரும்பகுதி மீட்கப்படும். ஒரே தடிமனுள்ள ஏழு இழைகளில் ஒன்றை நடுவில் வைத்து ஆறைச் சுற்றி அடுக்கினால் அவை சரியாக மூன்று மடங்கு விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கும். 3 மி.மீ. எல்.இ.டி.யின் முன்னால் ஏழு 1 மி.மீ. இழைகள் நிற்கும்போது முகப்பின் 78 விழுக்காடு இழைகளால் நிரம்புகிறது. அடுத்த வளையத்தையும் சேர்த்தால் பத்தொன்பது இழைகள். அவை 5 மி.மீ. எல்.இ.டி.க்கு ஏறத்தாழ ஒத்த அளவு. கட்டையும் எல்.இ.டி.யையும் இணைக்கும் குழாய்க்குச் சூட்டில் சுருங்கும் உறையைப் பயன்படுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எச்சரிக்கை தேவைப்படும் இடமும் அதுவே. பிளாஸ்டிக் இழை சுமார் 70 டிகிரி செல்சியஸ் வரையே தாங்கும்; அந்த உறைகளோ பெரும்பாலும் 90 டிகிரிக்கு மேல்தான் சுருங்கத் தொடங்குகின்றன. இழையைச் செருகாமல் எல்.இ.டி.யின் மேல் மட்டும் உறையைச் சுருக்கிவிட்டுப் பின்னர் இழையைச் செருகலாம். அல்லது மெல்லிய பித்தளைக் குழாயோ அலுமினியக் குழாயோ போதும்.

முகப்பை வெட்டும் முறையும் நுழைவோடு சேர்ந்ததே. பக்கவெட்டுக் குறடால் நறுக்கிய இழையின் முனை நசுங்கி, நுண்விரிசல்களோடு பாலேறியதுபோல் இருக்கும். புதிய கத்தித் தகட்டால் செங்குத்தாக வெட்டி, 600இல் தொடங்கி 2000 வரையிலான நீர் உப்புத்தாள்களில் எட்டு வடிவில் தேய்த்து மெருகேற்றுவதே நல்ல முறை. 1 மி.மீ. இழையில் உறையின் தடிமன் சுமார் 10 மைக்ரான் மட்டுமே என்பதால், மேலுறையைச் சீவும்போது கத்தி சற்று ஆழமாகப் பட்டாலும் அந்த இடத்தில் ஒளி கசியத் தொடங்கிவிடும்.

வெளியேறும் முனையில் சிக்கல் வேறு வகை. மெருகேற்றிய தட்டை முனையிலிருந்து ஒளி 60 டிகிரிக் கூம்பாகவே வருகிறது. இறக்கை விளக்கு நிரப்ப வேண்டியதோ 110 டிகிரி. இறக்கையின் நீளவாட்டில் வந்து நுனியில் முடியும் இழை பக்கவாட்டையே பார்ப்பதால், முன்னாலிருந்து நோக்குபவருக்கு அது கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கும். இதை ஈடுகட்டக் கையாளப்படும் உத்திகளில் எளியது, சால்டரிங் கருவியின் நுனியைத் தொடாமல் அருகில் காட்டி, இழை முனையை இளக்கிச் சிறு காளான் தலையாக்குவது. அது ஒளியைப் பரப்புகிறது. துளைக்குள் இழை பின்வாங்காமலும் பிடித்துக்கொள்கிறது. முனையைக் கரடான உப்புத்தாளில் தேய்த்து, ஒரு துளி எபாக்சிக் குமிழுக்குள் புதைத்தால் பரவல் இன்னும் சீராகும்.

முனையை 45 டிகிரியில் சாய்த்து வெட்டினால் ஒளி செங்கோணத்தில் திரும்பி முன்னோக்கிப் போகும் என்பது அடிக்கடி கூறப்படும் மற்றொரு உத்தி. அது பாதி உண்மை. அக்ரிலிக்குக்கும் காற்றுக்கும் இடையிலான மாறுநிலைக் கோணம், அதாவது முழு எதிரொளிப்பு தொடங்கும் கோணம், சுமார் 42 டிகிரி. இழையின் அச்சில் நேராக வரும் கதிர் 45 டிகிரியில் படுவதால் எதிரொளிக்கும். ஆனால் இழைக்குள் கதிர்கள் அச்சுக்கு இருபுறமும் 20 டிகிரிவரை சாய்ந்து பயணிப்பதால், ஒரு பக்கம் சாய்ந்தவை 42க்குக் கீழே இறங்கி வெட்டு முகத்தின் வழியே வெளியேறிவிடும். வெட்டின் பின்புறத்தில் அலுமினியத் தாள் துணுக்கையோ வெள்ளைப் பெயின்டையோ வைத்தால் அந்தப் பாதியும் பெருமளவு திரும்பும். சாய்வெட்டைப் பரிந்துரைப்பவர்கள் இந்தப் பின்தாளைச் சொல்லாமல் விடுவது வியப்பே.

இத்தனைக்கும் பிறகு எவ்வளவு வெளிச்சம் மிஞ்சும் என்பதுதான் முதல் பயனின் தகுதியை முடிவுசெய்யும் கேள்வி. 20 மில்லியாம்பியரில் 4 லூமன் தரும் வெள்ளை எல்.இ.டி.யிலிருந்து 5 விழுக்காடு இழைக்குள் புகுந்தால் 0.2 லூமன், அது 60 டிகிரிக் கூம்பில் பரவும்போது ஒளிச்செறிவு சுமார் கால் கேண்டெலா. அசல் பயணிகள் விமானத்தின் இறக்கை விளக்கு நேர்முன்னே குறைந்தது 40 கேண்டெலா தர வேண்டும் என்பது அமெரிக்க விதி. எனினும் மாதிரி விமானம் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே பறக்கிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளும் மாதிரி விமானத்தை அப்படியே வரையறுக்கின்றன. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டு விதிகள், இரவில் ஒரு விளக்கு தெரிவதற்குக் கண்ணில் விழ வேண்டிய ஒளியை ஒரு லக்சின் கோடியில் இரண்டு பங்காகக் கொள்கின்றன. நூறு மீட்டர் தொலைவில் கால் கேண்டெலா அதைப்போல நூறு மடங்குக்கு மேல் தருகிறது. இரவில் ஒளியிழை விளக்கு தெளிவாகத் தெரியும். பகல் வேறு. பகல் வானப் பின்னணியில் ஒரு புள்ளி விளக்கு தெரிய லக்சில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும் எனக் கொண்டால், நூறு மீட்டருக்கு 10 கேண்டெலா தேவை. இழை தருவது அதில் நாற்பதில் ஒரு பங்கு. பரப்பும் முனைகள் இதையும் குறைத்துவிடுகின்றன. எனவே பகலிலும் அந்திப்பொழுதிலும் விமானத்தின் நிலையை அறிய விரும்புபவர் எல்.இ.டி.யையே இறக்கை நுனியில் வைப்பது நல்லது. இரவுப் பறப்புக்குக்கூட அமெரிக்காவின் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் கோருவது விமானத்தின் சாய்வும் திசையும் எந்நேரமும் தெளிவாகத் தெரியும் விளக்கமைப்பு. அதற்கு நான்கைந்து புள்ளிகள் போதாமல், இறக்கைகளின் அடிப்பக்கம் நெடுக எல்.இ.டி. நாடாக்கள் ஒட்டப்படுவது வழக்கம்.

ஒளியிழைக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் எடை வாதமும் வலுவற்றது. 1 மி.மீ. இழை மீட்டருக்கு 0.9 கிராம், இனாமல் பூசிய 0.2 மி.மீ. செம்புக் கம்பி இரண்டு சேர்ந்து மீட்டருக்கு 0.6 கிராமுக்கும் குறைவு. பத்திலொரு அளவில் செய்த செஸ்னா 172இன் இறக்கை 1.1 மீட்டர், அதன் பாதிக்கு ஒற்றை இழை அரை கிராம், ஏழிழைக் கட்டு மூன்றரை கிராமுக்கு மேல். கறுப்பு மேலுறையோடு வாங்கிய இழையை அப்படியே பொருத்தினால் உறையின் எடை மட்டுமே இழையின் எடையைப் போல மூன்று மடங்கு ஆகிவிடும்.

கம்பிக்கு மாற்றாக இழையைத் தேடியதற்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அமெரிக்காவில் புழங்கிய காலத்தில் அதன் கால் அலைநீளம் சுமார் ஒரு மீட்டர். இறக்கைக்குள் ஓடும் ஒரு மீட்டர்க் கம்பி ரிசீவரின் ஆன்டெனாவோடு போட்டியிட்டு அதன் வீச்சைக் குறைக்கக்கூடியதாக இருந்தது. மின்சாரத்தைக் கடத்தாத இழைக்கு அந்தக் குறை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் கால் அலைநீளம் 31 மி.மீ.; ஆன்டெனாவும் அந்த அளவே. எனவே அதைக் கம்பிகளிலிருந்து சில அங்குலம் தள்ளிவைத்தாலே போதும். அந்த வாதம் ஏறக்குறைய காலாவதியாகிவிட்டது.

கழற்றி மாட்டும் இறக்கைகளில் இழை ஒரு வசதியையும் ஒரு சோதனையையும் ஒருங்கே தருகிறது. மின் இணைப்பான் தேவையில்லை. இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் இரு இழை முனைகள் எதிரெதிரே நின்றால் ஒளி தாவிவிடும். இடையில் காற்று இருப்பதால் ஒவ்வொரு முகப்பிலும் 4 விழுக்காடு எதிரொளித்துத் திரும்பும், அது பெரிதல்ல. ஆனால் இரண்டு 1 மி.மீ. இழைகள் 0.2 மி.மீ. விலகி நின்றாலே கால் பங்கு ஒளி போய்விடும். ஃபோம் இறக்கையில் அந்தத் துல்லியம் நிலைக்காது. ஒளி ஒரே திசையில் செல்வதால், உடற்பகுதியில் 1 மி.மீ. இழையும் இறக்கையில் 1.5 மி.மீ. இழையும் வைத்தால் கால் மில்லிமீட்டர் வரையிலான விலகல் உறுத்தாது. இந்த எளிய தீர்வு, இணைப்பான்களுக்குச் செலவிடும் பணத்தையும் பொறுமையையும் மிச்சப்படுத்துகிறது. நேர்மாறாக, திரும்பும் சுக்கானில் விளக்கு வைக்க இழை ஏற்றதல்ல. 1 மி.மீ. இழையை 20 முதல் 25 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது; கீலில் ஓயாமல் மடங்கும் இழை வெளுத்து உடையும். விளக்கை அசையாத வால் செங்குத்துப் பகுதிக்கு மாற்றிவிடலாம்.

ஒட்டும் பசையைப் பற்றியும் ஒரு சொல் தேவை. ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பசைகள் பாலிஸ்டைரீன் ஃபோமைக் கரைக்கும். அவற்றின் ஆவி மெருகேற்றிய முகப்பில் வெண்படலமாகப் படியும். வளைந்து நிற்கும் இழையின் மேல் ஆல்கஹால் பட்டாலும் நுண்விரிசல் விழும். எபாக்சியோ வெள்ளைப் பசையோதான் பாதுகாப்பானவை.

மின்பகுதி இத்தகைய விளக்குகளில் கடினமானதன்று. ரிசீவர் தரும் 5 வோல்ட்டில் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும் சிவப்பு எல்.இ.டி.க்கு 150 ஓம், 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும் பச்சைக்கு 100 ஓம் மின்தடை இருந்தால் 20 மில்லியாம்பியரை ஒட்டிய மின்னோட்டம் கிடைக்கும். மின்னும் விளக்குக்கு 1972இல் சந்தைக்கு வந்த 555 சில்லு இன்றும் போதுமானது. ரிசீவரின் மிச்சமுள்ள சேனலால் விளக்கை இயக்க விரும்பினால், 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும் 1 முதல் 2 மில்லிவினாடித் துடிப்பைப் படித்துக்கொள்ளும் ஏடிடைனி85 போன்ற எட்டுக்கால் நுண்கட்டுப்படுத்தி ஒன்று தேவைப்படும்.

ஒளியிழைக்குப் போட்டியே இல்லாத இடம் விமானி அறை. பத்திலொரு அளவு மாதிரியில் 0.5 மி.மீ. இழையின் முனை, அசல் கருவிப் பலகையின் 5 மி.மீ. விளக்குக்குச் சரியான அளவு; அவ்வளவு சிறிய எல்.இ.டி.களை வரிசையாகப் பற்றவைத்துக் கம்பியிடுவதைவிட, பலகையில் ஊசித்துளைகளிட்டு ஏழிழைக் கட்டொன்றைப் பின்னாலிருந்து செருகி, முனைகளைப் பலகையின் தளத்தோடு சமமாக வெட்டுவது எளிது. அருகிலிருந்து நிழலில் பார்க்கப்படுவதால் வெளிச்சத்தின் பற்றாக்குறை இங்கே குறையாகத் தெரிவதில்லை. ஒவ்வோர் இழையின் பின்முனையிலும் நிறமுள்ள கண்ணாடிப் பெயின்டைத் தொட்டுவிட்டால் ஒரே வெள்ளை எல்.இ.டி. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் தரும்.

நிலை காட்டும் விளக்குகளுக்கோ புதிய எல்.இ.டி.யே வேண்டியதில்லை. ரிசீவரிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் நிலைப்படுத்தும் கருவியிலும் தயாரிப்பாளர் வைத்த எல்.இ.டி.கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அவை ஃபோமுக்கும் மூடிகளுக்கும் அடியில் யார் கண்ணிலும் படாமல் ஒளிர்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் 1.5 அல்லது 2 மி.மீ. இழையின் முனையை நிறுத்தி, மறுமுனையை உடற்பகுதியின் பக்கவாட்டில் தளத்தோடு சமமாக முடித்தால், ட்ரான்ஸ்மிட்டருடன் இணைப்பு ஏற்பட்டதா, இடையில் சமிக்ஞை அறுந்ததா என்பவை மூடியைத் திறக்காமலே தெரியும். கருவியின் மின்சுற்றில் கைவைக்க வேண்டியதில்லை, கூடுதல் மின்சாரமும் செலவாகாது. பறப்பின் நடுவே சமிக்ஞை தடைப்பட்டிருந்தால் அதைத் தரையிறங்கிய பின்னும் எல்.இ.டி. மின்னிக் காட்டும் ரிசீவர்கள் சில உண்டு. பேட்டரியைக் கழற்றியதும் அந்தக் குறிப்பு அழிந்துவிடுவதால், மூடியைத் திறக்கும் முன்பே அதைப் பார்க்க உதவும் இழை, இரண்டு அங்குல நீளத்திலேயே, இறக்கை நுனிக்கு ஓடும் ஒரு மீட்டர் இழையைவிடப் பயனுள்ள வேலையைச் செய்கிறது.